போனது நம் நகை! வந்தது அந்நியச் சரக்கா?

தியாகராய நகரில் செய்த ஒரு மாங்காய் மாலை. எடை 8 பவுன்.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியம்மா சிங்கப்பூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தங்கை மகனுக்குக் கல்யாணம். பத்து நாள் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். மீனம்பாக்கத்தில் இறங்குகிறார்.

"இந்த மாலை எங்கே வாங்கியதம்மா?" என்று சுங்க அதிகாரி கேட்கிறார்.

"இங்கேதான் ஐயா! என் கல்யாணத்துக்கு எங்கப்பா செய்து போட்டது!"

"போகும்போது காட்டிவிட்டுப் போனீர்களா?"

பெரியம்மா விழிக்கிறார்.

யாரிடம் காட்டுவது? எதற்குக் காட்டுவது? கிடப்பது சொந்தக் கழுத்து. அதில் தொங்குவது சொந்த நகை. திருடியதும் அல்ல, கடத்தியதும் அல்ல. அப்பா வாங்கிப் போட்டதற்கு அரசாங்கத்துக்கு ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?

பெரியம்மா கேட்பது நியாயம்தான். ஆனால், சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது.

கடல் தாண்டினால்...

இந்தியச் சுங்கச் சட்டம் 1962-ல் இயற்றப்பட்டது. 1963-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதில் 20-வது பிரிவு என்று ஒன்று உண்டு. சிறிய பிரிவுதான். ஆனால், சுருக்கென்று தைக்கும்.

இந்த நாட்டிலிருந்து வெளியே போன ஒரு பொருள் மறுபடி உள்ளே வந்தால், அதே மாதிரியான வெளிநாட்டுப் பொருளுக்கு என்ன வரியோ, என்ன கட்டுப்பாடோ, அதுவே இதற்கும் உண்டு. இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

"நீ எந்த ஊரில் பிறந்தாய்?" என்று சட்டம் பொருளைக் கேட்பதில்லை. "நீ எல்லைக்கு வெளியே போனாயா?" என்றுதான் கேட்கிறது. போய்விட்டு வந்தால், அது அந்நியச் சரக்கு!

ஸ்ரீபெரும்புதூரில் செய்த கைப்பேசி துபாய் கடையில் விற்கிறது. அதை அங்கே வாங்கிக்கொண்டு நம் ஆள் ஊருக்கு வருகிறார். "இது நம்ம ஊர்ச் சரக்குதானே ஐயா, பின்னால் எழுதியிருக்கிறதே!" என்று காட்டினால் பலன் இல்லை. பிரயாணி வரி இல்லாமல் கொண்டு வரக்கூடிய சாமான்களின் கணக்கில் அதுவும் சேரும். லண்டன் கடையில் வாங்கிய திருப்பூர்ச் சட்டைக்கும் இதே கதிதான்.

வெள்ளைக்காரன் காலத்து வழக்கம்

இது இன்று நேற்று வந்த சட்டம் அல்ல.

1962-க்கு முன்னால் கடல் சுங்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1878-ம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்தது. அதுவும் இதையேதான் சொன்னது. இங்கே விளைந்தாலும், இங்கே செய்தாலும், வெளியே போய்த் திரும்பினால் அந்நியச் சரக்குக்கு உள்ள வரி உண்டு.

ஆனால், அதில் ஒரு கதவு திறந்திருந்தது. போன பொருள் 3 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். அனுப்பியவர் கையிலேயே அதன் சொந்தம் இருக்க வேண்டும். நடுவில் கை மாறியிருக்கக் கூடாது. இவற்றைச் சுங்கக் கலெக்டருக்குத் திருப்தியாக நிரூபித்தால், வரி இல்லாமல் விடலாம்.

அந்த 3 ஆண்டுக் கணக்கு விடாப்பிடியாக இன்று வரை வந்திருக்கிறது. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

ஏன் இந்தக் கெடுபிடி?

காரணம் இரண்டு.

முதல் காரணம், வரிக் கணக்கு. ஒரு வியாபாரி தன் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பினால், அரசாங்கம் அவருக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கிறது. நம் நாட்டு வரியைச் சுமந்துகொண்டு போனால், வெளிநாட்டுச் சந்தையில் நம் சரக்கு விலை ஏறிவிடும் அல்லவா? அதற்காகத்தான். ஆகவே வெளியே போகிற சரக்கு, வரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறது. அதே சரக்கு சந்தடி இல்லாமல் திரும்பி வந்து உள்ளூர்க் கடையில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும்? வரி கட்டி விற்கிற பக்கத்துக் கடைக்காரர் தலையில் துண்டுதான்!

இரண்டாவது காரணம், அடையாளம். போனதுதான் வந்தது என்று எப்படித் தெரியும்? 2 பவுன் சங்கிலியோடு போனவர் 10 பவுன் சங்கிலியோடு வரலாம். இரண்டும் சங்கிலிதான். "இது பழசு ஐயா" என்று எல்லோரும் சொல்லலாம். உண்மை சொல்கிறவர் யார், கதை சொல்கிறவர் யார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தை அதிகாரிக்குத் தெரியாது.

நல்லவர்களும் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது காரணத்தால்தான்.

ஒரு துண்டுக் காகிதம்

பெரியம்மா தப்பிக்க வழி உண்டா? உண்டு. ஆனால், அது திரும்பி வரும்போது அல்ல. புறப்படும்போது!

சர்வதேச விமான நிலையங்களில் புறப்படும் பக்கத்திலும் சுங்க அதிகாரிகள் இருக்கிறார்கள். பிரயாணம் புறப்படுமுன் அவர்களிடம் நகையைக் காட்டலாம். அவர்கள் பார்த்து, எடை குறித்து, ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். "ஏற்றுமதிச் சான்றிதழ்" என்று பெயர். வியாபாரிக்குத்தான் அது தேவை என்று பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கல்யாண நகைக்கும் அதே பெயர்தான்.

திரும்பி வரும்போது அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டினால் போதும். போனதும் வந்ததும் ஒன்று என்று ஆகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. சர்டிபிகேட்டில் "நெக்லஸ் ஒன்று" என்று மொட்டையாக எழுதியிருந்தால் பயன் இல்லை. உலகத்தில் எத்தனையோ நெக்லஸ்! "மாங்காய் மாலை ஒன்று, சிவப்புக் கல் 42, எடை 64 கிராம்" என்று இருந்தால், அதைத் தட்ட முடியாது. விவரம் விவரமாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குவது பிரயாணியின் சாமர்த்தியம்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். விமானம் புறப்பட அரை மணி இருக்கும்போது ஓடி வந்து, "ஐயா, சர்டிபிகேட்!" என்றால் நடக்காது. நகையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை விமானக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட பிறகு கேட்டாலும் நடக்காது. கண்ணால் பார்த்தால்தானே கையெழுத்துப் போடுவார்கள்?

நகைக்கு மட்டும் அல்ல. விலை உயர்ந்த காமிரா, கைக்கடிகாரம் போன்றவற்றுக்கும் இப்படி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பில் இருந்தால் போதாதா?

"நகைக் கடை பில் பெட்டியில் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம்.

பில் நல்ல சாட்சிதான். தூக்கிப் போட வேண்டாம். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் 6 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனி அடையாளம் இருக்கிறது. ஒரு நகைக்கு உள்ள அடையாளம் இன்னொன்றுக்கு வராது. பில்லில் அந்த எண்ணும் இருந்தால், சாட்சி இன்னும் பலப்படும்.

ஆனால், "இங்கே விற்றது" என்பதுதான் பில் சொல்லும் செய்தி. "இவர் கழுத்தில் இன்ன தேதியில் வெளியே போனது" என்று பில் சொல்லாது. பாட்டி காலத்து நகைக்கோ பில்லும் கிடையாது, எண்ணும் கிடையாது. ஆசாரி வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுத்ததற்கு யார் பில் போட்டார்கள்?

40 கிராம் சலுகை யாருக்கு?

"பெண்களுக்கு 40 கிராம் வரை வரி இல்லையாமே!" என்ற பேச்சு குடும்பங்களில் உண்டு.

பேச்சு பொய் அல்ல. பாதிதான் உண்மை.

அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு உரியது. பெண்களுக்கு 40 கிராம், அதாவது 5 பவுன். ஆண்களுக்கு 20 கிராம், அதாவது இரண்டரைப் பவுன். பத்து நாள் கல்யாணத்துக்குப் போய் வரும் பெரியம்மாவுக்கு இது கிடையாது.

2016-ம் ஆண்டு விதிகளில் இதற்கு மதிப்பு வரம்பும் வைத்திருந்தார்கள். பெண்களுக்கு 1 லட்சம் ரூபாய். ஆண்களுக்கு 50 ஆயிரம் ரூபாய். அப்போது அது ஓரளவு பொருந்தியது. பிறகு தங்கம் விலை ஏறிய ஏற்றம் ஊருக்கே தெரியும். 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய்க்கு முழுதாக 2 பவுன்கூட வரவில்லை. 5 பவுன் சலுகை என்று பெயர். கையில் கிடைத்தது 2 பவுனுக்கும் குறைவு! 2026-ல் வந்த புதிய விதிகளில் ரூபாய் வரம்பை எடுத்துவிட்டு, எடையை மட்டும் வைத்திருக்கிறார்கள். வெகு நாள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

உச்ச நீதிமன்றம் வரை

நகை விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் ஏராளமான நகையோடு இந்தியாவுக்கு வந்தார். சுங்க இலாகா நகைகளைப் பிடித்தது. கடத்தல் என்றது. வழக்கு பல ஆண்டு நடந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சொந்த உபயோகத்துக்கான நகையைக் கொண்டு வந்ததைக் கடத்தல் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் போக்கு.

நீதி கிடைத்தது. சந்தோஷம். ஆனால், அதற்கு எத்தனை ஆண்டு! எத்தனை வக்கீல் பீஸ்! அந்த வழக்கு பழைய விதிகளைப் பற்றியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சொந்த உபயோகச் சாமான் என்ற சொல்லில் நகை சேராது என்று 2016-ம் ஆண்டு விதிகளில் வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். தீர்ப்பை நம்பிச் சர்டிபிகேட் வாங்காமல் போவது புத்திசாலித்தனம் ஆகாது.

திருப்பூர் பனியன் திரும்பினால்...

இதுவரை வீட்டு விஷயம். இனி வியாபாரம்.

திருப்பூரில் ஒரு சிறு முதலாளி. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கு 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு அனுப்புகிறார். "சாயம் போகிறது, வேண்டாம்" என்று வாங்கியவர் ஒதுக்கிவிடுகிறார். சரக்கு அங்கேயே கிடந்தால் கிடங்கு வாடகை ஏறும். திருப்பிக் கொண்டு வந்தால், 20-வது பிரிவு காத்திருக்கிறது. இரண்டு பக்கமும் இடி!

இங்கேதான் அரசாங்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. வந்தபோது, 2017 ஜூன் 30-ந் தேதியிட்ட 45-வது சுங்க அறிவிக்கை வெளிவந்தது. இதற்கு முன்பும் இப்படிப்பட்ட அறிவிக்கைகள் இருந்தன. அதன் தத்துவம் மிகவும் எளிது. "வாங்கியதைக் கொடு, சரக்கை எடு!"

ஒரு கணக்குப் போடுவோம். அந்தச் சரக்கு போனபோது, மூலப்பொருளில் கட்டியிருந்த சுங்க வரிக்காக 20 ஆயிரம் ரூபாய் திரும்பக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரிகள் இதை "டிராபேக்" என்பார்கள். ஜி.எஸ்.டி.யில் 50 ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தது என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கு திரும்பும்போது, இந்த 70 ஆயிரத்தையும் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். வெளிநாட்டுத் துணிக்கு உள்ள முழு வரி விழாது.

எந்தச் சலுகையும் வாங்காமல் அனுப்பிய சரக்கா? அப்படியானால் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.

கப்பல் கூலி நஷ்டம் நஷ்டம்தான். அதை எந்த அறிவிக்கையும் திருப்பித் தராது. ஆனால், சிறு முதலாளி மூச்சு விடலாம்.

நிபந்தனை உண்டு. போன சரக்கேதான் வந்திருக்க வேண்டும். ஏற்றுமதியின்போது கொடுத்த "ஷிப்பிங் பில்" என்ற பத்திரத்தில் உள்ள விவரமும், திரும்பிய பெட்டிகளில் உள்ள குறியும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பெட்டி மாற்றிக் கட்டினாலோ, குறி அழிந்தாலோ தலைவலி ஆரம்பம். அதிகாரிக்குத் திருப்தி ஏற்படாவிட்டால், பழைய 20-வது பிரிவு முழுசாக வந்து நிற்கும். பெரியம்மாவின் மாங்காய் மாலைக்கும் இந்த பனியன் மூட்டைக்கும் உள்ள சிக்கல் ஒன்றேதான்.

பொதுவாக 3 ஆண்டுக்குள் சரக்கு திரும்ப வேண்டும். தக்க காரணம் சொன்னால், 5 ஆண்டு வரை நீட்டிக்கலாம். சில ஏற்றுமதி ஊக்கத் திட்டங்களின் கீழ் போன சரக்குக்குக் கெடு இன்னும் குறைவு.

பார்த்தீர்களா? 1878-ம் ஆண்டின் 3 ஆண்டு! இது நம் ஊரில் மட்டும் அல்ல. பிரிட்டனிலும், ஐரோப்பிய யூனியனிலும், திரும்பி வரும் சரக்குக்கு வரி விலக்குத் தரும் சட்டம் உண்டு. அங்கேயும் பொதுவான கெடு 3 ஆண்டுதான். அமெரிக்காவில் சொந்த நாட்டுச் சரக்கு தரம், மதிப்பு கூடாமல் அப்படியே திரும்பினால், வரி இல்லை. 2016-ல் அந்தச் சட்டத்தை இன்னும் விரித்தார்கள். எந்த நாட்டில் செய்த சரக்காக இருந்தாலும், அமெரிக்காவிலிருந்து போய் 3 ஆண்டுக்குள் திரும்பினால் வரி இல்லை என்று ஆக்கினார்கள்.

பழுது பார்க்கப் போன இயந்திரம்

கோவையில் செய்த ஒரு பம்பு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. "கெட்டுப்போனால் சரி செய்து தருகிறோம்" என்று உத்தரவாதம் கொடுத்து விற்றிருக்கிறார்கள். 4 ஆண்டு கழித்துப் பம்பு மக்கர் செய்கிறது. தாய் வீட்டுக்குத் திரும்புகிறது. 3 ஆண்டு தாண்டிவிட்டதே!

இந்தக் கஷ்டத்தை நீக்க 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒரு மாற்றம் சொன்னார்கள். உத்தரவாதத்தின் கீழ் பழுது பார்க்கத் திரும்பும் சரக்குக்குக் கெடு 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இங்கே உள்ள இயந்திரத்தை ஜெர்மனிக்கு அனுப்பிப் பழுது பார்த்துக் கொண்டு வந்தால், வரி எதற்கு? இயந்திரத்தின் முழு விலைக்கா?

இல்லை. பழுது பார்த்த கூலி, போக வர ஆன கூலி, போக வர ஆன இன்சூரன்ஸ். இந்த மூன்றையும் கூட்டினால் வரும் தொகைக்கு மட்டும்தான் வரி. 10 லட்சம் ரூபாய் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். பழுதுக்கு 1 லட்சம். போக வரக் கூலியும் இன்சூரன்சும் 60 ஆயிரம். வரி 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கே. 10 லட்சத்தை யாரும் தொடமாட்டார்கள். ஆனால், இயந்திரம் நடுவில் கை மாறியிருக்கக் கூடாது. பழைய வெள்ளைக்காரச் சட்டத்தின் வாசனை இதிலும் இருக்கிறது!

சேலைக்குப் பாஸ்போர்ட்

காஞ்சிபுரம் வியாபாரி ஒருவர் வெளிநாட்டுக் கண்காட்சியில் மாதிரிச் சேலைகளைக் காட்டி ஆர்டர் பிடிக்கப் போகிறார். 40 சேலை. எல்லாம் ஜரிகை மின்னும் பட்டு. அங்கே இறங்கினால் அந்த நாட்டு வரி. திரும்பி வந்தால் இங்கே கேள்வி.

இப்படிப்பட்டவர்களுக்காகவே பல நாடுகள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றன. "ஏ.டி.ஏ. கார்னெட்" என்று பெயர். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து செய்த பெயர். மனிதனுக்குப் பாஸ்போர்ட் மாதிரி, சரக்குக்கு இது பாஸ்போர்ட். இந்தியாவில் இதைக் கொடுப்பது "ஃபிக்கி" என்ற வர்த்தக சபைகளின் சம்மேளனம். சரக்கு திரும்பாவிட்டால் வரிக்குப் பொறுப்பு ஏற்பதும் அதுதான். ஆகவே, முன்கூட்டியே ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் புத்தகத்தைக் கொடுப்பார்கள். ஓராண்டு வரை செல்லும்.

புறப்படும்போது ஒரு தாளில் முத்திரை. அந்த நாட்டில் இறங்கும்போது ஒன்று. அங்கிருந்து கிளம்பும்போது ஒன்று. இங்கே வந்து சேரும்போது ஒன்று. ஒரு முத்திரை விட்டுப் போனாலும் பின்னால் வம்புதான்.

அங்கே யாரோ ஒரு சீமாட்டி ஆசைப்பட்டுக் கேட்டார் என்று ஒரு சேலையை விற்றுவிட்டால், அந்த நாட்டு வரி பில் தேடிக்கொண்டு வரும். பட்டியலில் 40 என்றால், திரும்பும் பெட்டியிலும் 40 இருக்க வேண்டும். சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பார்.